திரையில் உடலைப் பிரித்துக் கோப்பது: முப்பரிமாண மாதிரியில் உடற்கூறியல் நடத்தும் முறை

முப்பரிமாண இதயம் ஒன்றைத் திரையில் சுழலவிட்டால் வகுப்பு அப்படியே அமைதியாகிவிடும். அந்த அமைதியைப் பாடம் புரிந்ததற்கு அடையாளமாக எடுத்துக்கொள்வதுதான் இந்தக் கருவியில் நடக்கும் முதல் தவறு. மறுநாள் வெள்ளைத் தாளைக் கொடுத்து, "இடது ஏட்ரியம் இதயத்தில் எந்தப் பக்கம் இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். "இடது பக்கம்" என்று எழுதுவார்கள். உண்மையில் அந்த இடது மேலறை பெரும்பாலும் பின்பக்கத்தில், உணவுக்குழாயை ஒட்டி இருக்கிறது. முன்னாலிருந்து பார்த்தால் அதன் காதுமடல் போன்ற நுனி மட்டும்தான் தெரியும். மாதிரி சுழன்றபோது இதுவும் கண்ணில் பட்டிருக்கும், மனத்தில்தான் பதிந்திருக்காது.

இந்தக் குறிப்பு முழுவதும் ஒரே முறையைத்தான் வலியுறுத்துகிறது. முதலில் கேள்வி, அடுத்து மாணவரின் ஊகம் தாளில், அதன் பிறகுதான் திரை. திரை வந்ததும் மவுஸ் மாணவர் கையில். பிரித்துப் பார்த்தவரே திரும்பக் கோத்துக் காட்ட வேண்டும்.

கொங்கு வட்டாரத்தில் இதற்குத் தேவை அதிகம். 1966-ல் தொடங்கிய கோவை மருத்துவக் கல்லூரி முதல் 2022-ல் திறக்கப்பட்ட திருப்பூர், நாமக்கல், நீலகிரி மருத்துவக் கல்லூரிகள் வரை, எம்.பி.பி.எஸ். முதலாண்டு மாணவருக்கு உடல் அறுத்துப் பார்க்கும் மேசை உண்டு. குமாரபாளையம், திருச்செங்கோடு பக்கம் செவிலியம், பிசியோதெரபி, மருந்தியல் படிப்பவர்களில் பலருக்கு அந்த மேசையில் கிடைக்கும் நேரம் குறைவு. மேல்நிலைப் பள்ளி உயிரியல் மாணவருக்கு அது கிடையவே கிடையாது. கணினி மாதிரி அந்த மேசைக்கு ஈடாகாது. ஆனால் மேசையே இல்லாத இடத்தில் படத்தைவிட எவ்வளவோ மேல்.

எந்த மாதிரியை எடுப்பது

காசில்லாமல் கிடைப்பவற்றில் பாடிபார்ட்ஸ்3டி முக்கியமானது. ஜப்பானிய ஆய்வு மையம் வெளியிட்டது. உறுப்புக்கு ஒரு கோப்பாகத் தனித்தனியே எடுத்துக்கொள்ளலாம். அதை அடிப்படையாக வைத்து, பிளெண்டர் என்ற இலவச முப்பரிமாண மென்பொருளில் திறக்கும்படி ஒழுங்குசெய்து, பெயர்களும் இட்டு வைத்திருப்பது இசட்-அனாட்டமி. புதிதாகத் தொடங்கும் ஆசிரியர் இசட்-அனாட்டமியையே எடுக்கலாம். கோப்புகளைத் தேடிச் சேர்க்கும் வேலை மிச்சம். இசட்-அனாட்டமி, மூலத்தின் பெயரைக் குறிப்பிட வேண்டும், மாற்றிய வடிவத்தையும் அதே உரிமத்தில் பகிர வேண்டும் என்ற உரிமத்தில் வந்தது. ஆகவே நீங்கள் வெட்டி, நிறம் மாற்றிய மாதிரியைப் பக்கத்துப் பள்ளிக்குக் கொடுக்கலாம். மூலத்தின் பெயரை மட்டும் அழித்துவிடாதீர்கள். பாடிபார்ட்ஸ்3டியின் அடிப்படை ஓர் ஆண் உடல். பெண் இடுப்புக்கூடும் கருப்பையும் நடத்த வேறு மாதிரி தேட வேண்டியிருக்கும்.

கம்ப்ளீட் அனாட்டமி, விசிபிள் பாடி, பயோடிஜிட்டல் போன்ற கட்டண மென்பொருள்கள் கண்ணுக்கு அழகு, தேடவும் எளிது. சந்தா முடிந்தால் பாடமும் நின்றுபோகும் என்பதையும், இணையம் அறுந்தால் எவ்வளவு வேலை செய்யும் என்பதையும் வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

எதை எடுத்தாலும், நம்பி வகுப்புக்குக் கொண்டுபோகும் முன் சில இடங்களைச் சோதித்தே ஆக வேண்டும். மாதிரி செய்கிறவர்கள் நேரத்தை மிச்சப்படுத்த உடலின் ஒரு பாதியைச் செய்து, மறுபாதியைக் கண்ணாடிப் பிம்பமாக நகலெடுப்பது உண்டு. கை, கால் எலும்புகளுக்கு அது பரவாயில்லை. உடலின் நடுப்பகுதியில் அது பெரும்பிழை. இவற்றைத் திறந்து பாருங்கள்:

- வலது நுரையீரலுக்கு மூன்று மடல், இடதுக்கு இரண்டு.
- வலது முதன்மை மூச்சுக்கிளை அகலமாகவும், குட்டையாகவும், செங்குத்தாகவும் இருக்க வேண்டும். ஏறத்தாழ 2.5 செ.மீ. நீளம். இடது கிளை அதைப்போல் இருமடங்கு. குழந்தை கடலைக்காய்ப் பருப்பை மூச்சில் இழுத்துக்கொண்டால் அது பெரும்பாலும் வலப்பக்கம் போவது இதனால்தான்.
- இடது சிறுநீரகச் சிரை பெருந்தமனிக்கு முன்னால் கடக்க வேண்டும். வலது சிறுநீரகத் தமனி கீழ்ப்பெருஞ்சிரைக்குப் பின்னால் கடக்க வேண்டும்.
- வலது விந்தகச் சிரை நேராகக் கீழ்ப்பெருஞ்சிரையில் சேரும். இடது விந்தகச் சிரை இடது சிறுநீரகச் சிரையில் சேரும்.
- குரல்வளைக்குத் திரும்பி ஏறும் நரம்பு இடப்பக்கம் பெருந்தமனி வளைவைச் சுற்ற வேண்டும். வலப்பக்கம் காறையெலும்புக்கு அடியில் போகும் தமனியைச் சுற்ற வேண்டும்.

கடைசி இரண்டிலும் தவறும் மாதிரியைப் பள்ளிப் பாடத்துக்கு வைத்துக்கொள்ளலாம். செவிலியம், பிசியோதெரபி வகுப்புக்கு வேண்டாம்.

கணினியும் புரொஜெக்டரும்

பிளெண்டர் ஓட 8 ஜிபி ரேம் வேண்டும். பள்ளி ஆய்வகக் கணினிகளில் அது இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மாதிரியைத் தயார் செய்வது ஆசிரியரின் மடிக்கணினியில். மாணவர் அதைப் பார்ப்பது சாதாரண பிரவுசரில், ஜிஎல்பி என்ற முப்பரிமாணக் கோப்பாக. ஒரு பாடத்துக்கான கோப்பு 20 எம்பிக்குள்ளும், மாதிரியின் மேற்பரப்பை உருவாக்கும் முக்கோணங்கள் 2 முதல் 3 லட்சத்துக்குள்ளும் இருந்தால் பழைய கணினியும் சாதாரண செல்போனும் திணறாது.

மாதிரி திறக்காமல் வெறும் கறுப்புக் கட்டம் வந்தால் முதலில் பிரவுசரின் அமைப்புகளில் 'சிஸ்டம்' பகுதிக்குப் போய், கிராஃபிக்ஸ் ஆக்சலரேஷன் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அது சரியாக இருந்தால் கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பிக்க வேண்டும். பென்டிரைவில் உள்ள வலைப்பக்கத்தை நேரடியாக இருமுறை கிளிக் செய்து திறந்தாலும் மாதிரி வராது. பாதுகாப்புக்காகப் பிரவுசரே தடுத்துவிடும். பைத்தானோடு வரும் சிறிய வெப் சர்வரை ஆசிரியர் கணினியில் ஓடவிட்டு, மற்ற கணினிகள் லேன் வழியாக அதைத் திறக்க வேண்டும். ஆய்வகத்தில் இணையமே இல்லாவிட்டாலும் இது நடக்கும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. கோப்பைச் சிறிதாக்க டிராகோ என்ற சுருக்கு முறையைப் பலரும் பரிந்துரைப்பார்கள். பிரவுசரில் ஜிஎல்பி கோப்பைக் காட்டும் கூகுளின் மாடல்-வியூவர் அந்தச் சுருக்கைப் பிரிக்கும் நிரலை இணையத்திலிருந்துதான் இறக்கும். வீட்டில் சோதித்தபோது அழகாகத் திறந்த இதயம், இணையமில்லாத வகுப்பில் திறக்காமல் போவதற்கு இது காரணமாகலாம். இணையமில்லாத இடத்துக்கு டிராகோ இல்லாமல் ஏற்றுமதி செய்யுங்கள். மாடல்-வியூவரின் நிரல் கோப்பையும் இறக்கி அதே ஃபோல்டரில் வைத்துவிடுங்கள்.

புரொஜெக்டரில் பின்னணியை வெளிர் சாம்பலாக வையுங்கள். வெளிச்சமான வகுப்பறையில் கறுப்புப் பின்னணிமேல் கருநீலச் சிரைகள் காணாமல் போகும். மடிக்கணினியின் அகலத் திரையும் பழைய புரொஜெக்டரின் சதுரம் போன்ற திரையும் ஒத்துப்போகாவிட்டால் இதயம் குண்டாகவோ ஒல்லியாகவோ தெரியும். மாதிரிக்குப் பக்கத்தில் ஒரு கனசதுரம் வைத்திருந்தால் இதை உடனே கண்டுபிடிக்கலாம். அதன் முகம் சதுரமாகத் தெரிகிறதா என்று பார்த்தால் போதும்.

கரண்ட் போகும் நேரத்துக்கு ஆறு கோணங்களின் படங்களை அச்சிட்டுக் கையில் வைத்திருங்கள்.

மாதிரியைத் தயார் செய்தல்

பாடிபார்ட்ஸ்3டியின் அளவுகள் மில்லிமீட்டரில் இருக்கும். பிளெண்டர் அதை மீட்டராக எடுத்துக்கொள்வதால் இதயம் நூறு மீட்டர் உயரத்துக்கு நிற்கும். எல்லாவற்றையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து 0.001 அளவுக்குச் சுருக்கி, அந்த அளவை நிலைப்படுத்துங்கள். பிறகு 1 செ.மீ. பக்கமுள்ள கனசதுரம் ஒன்றை மாதிரிக்கு அருகில் வையுங்கள். இதை அலங்காரமாக நினைத்து விட்டுவிடக் கூடாது. திரையில் எதையும் எவ்வளவும் பெரிதாக்கலாம் என்பதால் மாணவருக்கு அளவே மறந்துபோகும். காதுக்குள் இருக்கும் அங்கவடி எலும்பும் தொடையெலும்பும் ஒரே அளவில் மனத்தில் உட்கார்ந்துவிடும். அளவைக் காப்பாற்றுவது இந்தக் கனசதுரம்தான்.

முக்கோணங்களைக் குறைக்க 'டெசிமேட்' என்ற வசதியைப் பயன்படுத்துங்கள். மொத்த மாதிரிக்கும் ஒரே விகிதம் கொடுக்காதீர்கள். கல்லீரலை 0.1-க்குக் குறைத்தாலும் வித்தியாசம் தெரியாது. அதே விகிதத்தை வால்வு இதழுக்கும் நரம்புக்கும் கொடுத்தால் இதழ் கிழிந்து, நரம்பு இடையிடையே அறுந்துவிடும். தடித்த உறுப்புக்கு 0.1 முதல் 0.2, இரத்தக் குழாய்க்கு 0.4, வால்வு, நரம்பு, தசைநாண் போன்றவற்றைத் தொடாமல் விடுவது என்று தொடங்கி, கண்ணால் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

அடுத்தது வலமா இடமா என்ற சிக்கல். ஒவ்வொரு மென்பொருளும் அச்சுகளை ஒவ்வொரு விதமாக எடுத்துக்கொள்ளும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது ஓர் அச்சு மட்டும் திரும்பிவிட்டால் மாதிரி கண்ணாடிப் பிம்பமாகிவிடும், பார்வைக்கு எந்தக் குறையும் தெரியாது. ஒவ்வொரு ஏற்றுமதிக்குப் பிறகும் கல்லீரலும் குடல்வாலும் வலப்பக்கம், மண்ணீரலும் இதய நுனியும் இடப்பக்கம் இருக்கின்றனவா என்று பாருங்கள். தவறியிருந்தால் எக்ஸ் அச்சைக் கழித்தல் ஒன்றால் பெருக்கித் திருப்பலாம். திருப்பியதும் மேற்பரப்பு உள்வெளியாக மாறி, மாதிரி கறுத்துத் தெரியும். எடிட் நிலையில் எல்லாவற்றையும் தேர்ந்து ஷிஃப்ட்டும் என்-எழுத்தும் சேர்த்து அழுத்தினால் சரியாகும்.

பிளெண்டரில் இன்னொரு தடுமாற்றமும் உண்டு. எண்பலகையில் 1 முன்பக்கத்தைக் காட்டும், 3 'ரைட்' பார்வையைக் காட்டும். மாதிரி நம்மைப் பார்த்து நிற்பதால் அந்த 'ரைட்' என்பது திரையின் வலம், அதாவது அந்த உடலின் இடப்பக்கம். இதை அறியாமல் படம் பிடித்துத் தேர்வுத்தாளில் போட்டால் விடைக்குறிப்பே தவறாகிவிடும். உடலின் இரு கைகளுக்கும் பக்கத்தில் 'வ', 'இ' என்ற எழுத்துகளை மாதிரியோடு சேர்த்தே ஒட்டி வையுங்கள். எப்படிச் சுழற்றினாலும் அவை கூடவே சுழலும்.

மாணவர் பிரித்துப் பார்க்க, நிரல் எழுதத் தெரிந்த கணினி ஆசிரியர் துணை கிடைத்தால் த்ரீ.ஜேஎஸ் நூலகத்தைக் கொண்டு ஒவ்வொரு பாகத்துக்கும் மறை, காட்டு பொத்தான் வைக்கச் சொல்லுங்கள். துணை கிடைக்காவிட்டால் ஒரே இதயத்தை நான்கு நிலையில் நான்கு கோப்பாகச் செய்யுங்கள்: முழு இதயம், வலது வெண்ட்ரிக்கிளின் (கீழறையின்) முன்சுவர் எடுத்தது, இரு பக்கச் சுவரும் எடுத்தது, வால்வுகளும் குழாய்களும் மட்டும். முதல் வருடத்துக்கு இதுவே போதும்.

குறுக்கே வெட்டிக் காட்டும்போது தசைச் சுவர் உள்ளே காலியாகத் தெரிந்தால் பதற வேண்டாம். மாதிரி என்பது மேல்தோல் மட்டும், உள்ளே திடம் கிடையாது. திரையில் வெட்டும் வசதியை விட்டுவிட்டு, பிளெண்டரில் 'பூலியன்' முறையில் ஒரு பெட்டியால் கழித்து வெட்டினால் வெட்டுமுகம் மூடியபடி வரும். மூலக்கோப்பில் ஓட்டை இருந்தால் பூலியன் தோற்கும். முதலில் ஓட்டையை அடைக்க வேண்டும். இதைச் செய்யாமல் காட்டினால், இதயச் சுவர் இரண்டு தாள்களுக்கு நடுவே வெற்றிடம் என்று மாணவர் வரைவார்கள்.

தமிழில் பெயரிடுதல்

பிளெண்டரிலேயே தமிழ் எழுத்தை எழுதினால் இரண்டு தொல்லை வரும். பழைய பதிப்புகளில் தமிழ் எழுத்துரு ஒன்றை நாமே ஏற்றியாக வேண்டும். ஏற்றினாலும் கொம்பும் காலும் இடம் மாறும். 'கொ' என்று எழுதினால் ஒற்றைக்கொம்பு 'க'வுக்குப் பின்னால் போய் நிற்கும். 'வ', 'இ' போன்ற தனியெழுத்துக்குச் சிக்கல் இல்லை. முழுப் பெயர்களை வலைப்பக்கத்தின் மேலடுக்கில் எழுதுங்கள். பிரவுசர் தமிழைச் சரியாகக் கோத்துவிடும். பழைய பாடக்குறிப்பு பாமினி எழுத்துருவில் இருந்தால் ஒருங்குறிக்கு மாற்றிய பிறகுதான் ஒட்ட வேண்டும்.

பாகத்தின் பெயரைத் தமிழில் வைப்பதிலும் எல்லை உண்டு. பிளெண்டரின் பழைய பதிப்புகளில் பெயருக்கு 63 பைட்தான் இடம். தமிழில் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் பிடிக்கும், புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறியீடு. 'கீழ்ப்பெருஞ்சிரையின் திறப்பு' என்றாலே நிரம்பி வழியும். பாகத்துக்கு எண் கொடுத்து, எண்ணுக்கு நேரே பெயரைத் தனிப் பட்டியலில் வைப்பதே நல்லது. அந்தப் பட்டியலில் பாடநூல் சொல், மருத்துவச் சொல் இரண்டையும் வையுங்கள். பள்ளியில் ஆரிக்கிள் என்று சொல்லப்படும் மேலறையை மருத்துவத்தில் ஏட்ரியம் என்பார்கள். அங்கே ஆரிக்கிள் என்பது அந்த அறையில் காதுமடல்போல் தொங்கும் சிறு பை மட்டும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரிக்குப் போகும் பிள்ளை இந்த ஒரு சொல்லில் இடறாமல் இருக்கட்டும்.

இதயப் பாடம், 45 நிமிடம்

ஒரு கணினிக்கு மூவர். ஒருவர் கையில் மவுஸ், ஒருவர் கையில் தாள், மூன்றாமவர் சொல்பவர். சொல்பவர் மவுஸைத் தொடக் கூடாது, மவுஸ் வைத்திருப்பவர் சொல்லாததைச் செய்யக் கூடாது. "கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பு" என்றால் திருப்பாமல் இருக்க வேண்டும். "உடலின் இடப்பக்கமாகத் திருப்பு" என்று சொல்ல வைக்கும் இந்த நெருக்கடிதான் பாடம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறட்டும்.

முதல் 5 நிமிடம் திரை அணைந்தே இருக்கட்டும். ஒவ்வொருவரும் தம் மார்பெலும்பின் மேற்பகுதியில் விரலை வைத்துக் கீழே இறக்கினால் ஒரு மேடு தட்டுப்படும். அதற்கு நேரே இருப்பது இரண்டாம் விலா. அங்கிருந்து இடப்பக்கம் எண்ணி இறங்கி, ஐந்தாம் விலா இடைவெளியில், காறையெலும்பின் நடுவுக்கு நேர் கீழே இதய நுனி. துடிப்பு விரலுக்குத் தெரிகிறவருக்குத் தெரியும், தெரியாதவர் சற்று முன்சாய்ந்து உட்கார்ந்து பார்க்கலாம்.

அடுத்த 5 நிமிடம், பென்சிலில் முன்பார்வை வரைந்து நான்கு அறைகளையும் குறிக்கச் சொல்லுங்கள். பாடநூல் படம்போல நான்கு கட்டமாகப் போடுவார்கள். திருத்தாதீர்கள். தாளில் பெயரும் தேதியும் எழுதி வாங்கி வையுங்கள்.

இப்போது திரை. நிறமில்லாத சாம்பல் இதயத்தை முன்பார்வையில் திறங்கள். சுழற்றும் முன் கேள்வி: "கண்ணு, முன்னால அதிகமாத் தெரியறது எந்த அறை?" வலது வெண்ட்ரிக்கிள். வலது, இடது என்று நாம் சொல்லும் அறைகள் பக்கத்தில் பக்கத்தில் இல்லை, ஏறத்தாழ முன்னும் பின்னுமாக இருக்கின்றன என்பது இங்கே விளங்கத் தொடங்கும். இரு பக்கமும் 15 பாகை அளவு மட்டும் அசைத்துப் பார்க்கட்டும். முழுச் சுற்றுச் சுழற்றுவதைவிட இந்தச் சிறு அசைவில் ஆழம் நன்றாகப் பிடிபடும். புதியவர் முழுதாகச் சுழற்றினால் எந்தப் பக்கம் பார்க்கிறோம் என்பதே தொலைந்துவிடும். தொலைந்தவரைத் திரும்ப முன்பார்வைக்குக் கொண்டுவரும் பொத்தானைப் பெரிதாக வைத்திருங்கள்.

பிறகு நேர் பின்பக்கம். இடது ஏட்ரியமும் அதில் நுழையும் நான்கு நுரையீரல் சிரைகளும் தெரியும். உணவுக்குழாயைக் காட்டச் சொல்லுங்கள். இடது ஏட்ரியம் வீங்கினால் விழுங்குவது ஏன் சிரமமாகலாம், உணவுக்குழாய்க்குள் கருவியை இறக்கி இதயத்தை எப்படி ஸ்கேன் செய்கிறார்கள் என்ற இரண்டும் ஒரே பார்வையில் முடிந்துவிடும்.

முன்சுவரை எடுத்ததும் மூவிதழ் வால்வு, அதன் நாண்கள், அவற்றை இழுத்துப் பிடிக்கும் தசைக் கூம்புகள். இடது வெண்ட்ரிக்கிளின் சுவரைக் கனசதுரத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள். ஏறத்தாழ 1 செ.மீ. வலது சுவர் அதில் மூன்றில் ஒரு பங்கு. வலது வெண்ட்ரிக்கிள் பக்கத்திலிருக்கும் நுரையீரலுக்குத் தள்ளினால் போதும், அங்கே உச்ச அழுத்தம் சுமார் 25 மி.மீ. பாதரசம். இடதில் சுமார் 120.

இப்போது நிறம். சாம்பல் மாதிரியை ஏன் திறந்தோம் என்பது இங்கே பயன்படும். எது சிவப்பு, எது நீலம் என்று மாணவரே முடிவு செய்யட்டும். நுரையீரல் தமனியில் தடுமாறுவார்கள். இதயத்தைவிட்டு வெளியேறுவது தமனி, உள்ளே வருவது சிரை, நிறம் ஆக்சிஜனின் கணக்கு என்று அப்போது சொன்னால் நிற்கும். இரத்தம் நீலமாக இருப்பதில்லை, ஆக்சிஜன் குறைந்தால் கருஞ்சிவப்பு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். மாதிரியின் நீலத்தை நம்பிப் பலர் வருடக்கணக்கில் தவறாகவே நினைக்கிறார்கள்.

கடைசி 10 நிமிடம் எல்லாப் பாகங்களையும் மறைத்துவிட்டு, இரத்தம் போகும் வரிசையில் ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவர வேண்டும். நான்கு கோப்பு முறையில் நடத்துபவர்கள் பாகங்களின் படத்தை வெட்டி மேசையில் அடுக்கச் சொல்லலாம்.

அடுத்த வகுப்பில் ஆட்டு இதயம். கறிக்கடையில் முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும்: பிளக்காமல், மேலே உள்ள குழாய்களை இரண்டு விரற்கடை விட்டு அறுத்துத் தரச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வால்வுக்கு மேலேயே நறுக்கிவிடுவார்கள். உறைய வைக்காமல் குளிரில் மட்டும் வைத்திருங்கள். பெருந்தமனி வழியாகத் தண்ணீர் ஊற்றினால் அரைச்சந்திர வால்வு மூடித் தாங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். கையில் அழுத்திப் பார்த்தாலே கெட்டியான இடதுபுறமும் தளர்ந்த வலதுபுறமும் தெரியும். திரையில் இல்லாத கொழுப்பும், வழவழப்பும், இதய உறையின் மிச்சமும் இங்கே இருக்கும். நாலு காலில் நடக்கும் உயிருக்கு மார்புக்கூடு பக்கவாட்டில் ஒடுங்கியது, ஆகவே இதயம் உட்காரும் கோணம் மனிதருக்கு வேறு என்பதைச் சொல்லிவிடுங்கள். கையுறை, சோப்பு கட்டாயம். தொட விரும்பாத பிள்ளையை வற்புறுத்த வேண்டாம்.

வெட்டுமுகம் படிப்பது

அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் 1994-ல் ஓர் ஆண் உடலின் 1,871 குறுக்குவெட்டுகளை 1 மி.மீ. இடைவெளியில் வெளியிட்டது. அடுத்த ஆண்டு ஒரு பெண் உடலை 0.33 மி.மீ. இடைவெளியில். விசிபிள் ஹியூமன் என்ற இந்தத் தொகுப்பு இன்று இலவசம். அதைத் திறக்கும் முன் சமையலறைக்குப் போங்கள். வளைந்த பாகற்காய் ஒன்றை லாடம்போலக் கவிழ்த்து வைத்துப் படுக்கைவாட்டில் வெட்டினால், வளைவின் மேல்பகுதியில் நீண்ட ஒரே துண்டு வரும், அதற்குக் கீழே இரண்டு தனித்தனி வட்டங்கள் வரும். பெருந்தமனி வளைவு இதேதான். வளைவின் மட்டத்தில் நீள்துண்டு, அதற்குக் கீழே ஏறுதமனி ஒரு வட்டம், இறங்குதமனி ஒரு வட்டம். பாகற்காயை வெட்டிய மாணவர் சி.டி. ஸ்கேன் படத்தில் இரண்டு பெருந்தமனியா என்று கேட்க மாட்டார்.

குறுக்குவெட்டு சி.டி. படத்தைக் காலடியிலிருந்து பார்ப்பதாகக் கொள்வது மரபு. ஆகவே கல்லீரல் திரையின் இடப்பக்கம் வரும்.

இதற்கு 3டி ஸ்லைசர் என்ற இலவச மென்பொருள் போதும். அதிலேயே மாதிரித் தரவாக மார்பு சி.டி., தலை எம்.ஆர்.ஐ., இதயக் குழாய் சி.டி. ஆகியவை இருக்கின்றன. முதலில் அவற்றையே பயன்படுத்துங்கள். சி.டி.யின் அடர்த்தி எண்களில் தண்ணீருக்கு 0, காற்றுக்கு -1000, கொழுப்புக்குச் சுமார் -100, தசைக்கு 40 முதல் 60. எலும்பு பல நூறு. 'த்ரெஷோல்ட்' எனும் எல்லையை 250-க்கு மேல் என்று வைத்தால் எலும்புக்கூடு தனியாக எழும். படுக்கைப் பலகையும் சில நேரம் கூடவே வரும், கத்தரிக் கருவியால் நறுக்கிவிடலாம். சாய மருந்து ஏற்றாத சி.டி.யில் இதயத் தசையையும் இரத்தத்தையும் பிரிக்க முடியாது, மணிக்கணக்கில் முயன்றாலும். 5 மி.மீ. துண்டுகளில் எடுத்த சி.டி.யிலிருந்து மாதிரி செய்தால் படிக்கட்டுபோல வரும், 1 மி.மீ. அளவில் எடுத்தது வேண்டும். 500 துண்டுகள் என்றால் தரவு மட்டும் 250 எம்பி. ஸ்லைசர் அதைப்போலப் பல மடங்கு நினைவகம் கேட்கும்.

ஒருவருடைய உண்மையான சி.டி. ஸ்கேனை வகுப்பில் திறப்பதானால் அவருடைய எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும். படத்தில் பெயர் தெரியாவிட்டாலும் கோப்புக்குள் பெயர், வயது, அடையாள எண் எல்லாம் இருக்கும், அவற்றை நீக்க வேண்டும். தலை சி.டி.யை முப்பரிமாணமாக எழுப்பினால் முகமே அடையாளம் தெரியும். அதை வகுப்பில் பயன்படுத்தவே வேண்டாம்.

காது: தறிச் சத்தத்திலிருந்து தொடங்கலாம்

சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறி ஓடும் வீட்டுப் பிள்ளைகளுக்குக் காதுப் பாடத்தை வேறு எங்கிருந்தும் தொடங்க வேண்டியதில்லை. பல வருடம் தறி ஓட்டியவர் பேச்சுச் சத்தம் கேட்கிறது, சொல் பிரியவில்லை என்பார். ஏன்?

செவிப்பறை 8 முதல் 10 மி.மீ. அகலம். கனசதுரத்தைப் பக்கத்தில் வைத்தால் ஏறத்தாழச் சமம். சுத்தி, பட்டடை, அங்கவடி எலும்புகளை ஒவ்வொன்றாக மறைத்து, அங்கவடியின் அடித்தட்டு நீள்வட்டச் சாளரத்தில் உட்காரும் இடத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அந்த எலும்பு 3 மி.மீ. தான், ஒரு நொய்யரிசி. செவிப்பறையின் அதிரும் பரப்பு அடித்தட்டின் பரப்பைப்போல ஏறத்தாழ 17 மடங்கு. அழுத்தம் கூடுவதற்கு அது முக்கியக் காரணம்.

அடுத்து உள்காதில் நத்தை ஓடுபோல் சுருண்ட காக்லியா, இரண்டரைச் சுற்றுக்குச் சற்று மேல். கீச்சுச் சத்தம் எங்கே கேட்கும் என்று ஊகிக்கச் சொன்னால் பலர் நுனியைக் காட்டுவார்கள். அடிப்பகுதிதான் உயர் அதிர்வெண்ணுக்கு, நுனி தாழ்ந்த ஒலிக்கு. தொடர்ந்த இரைச்சலில் முதலில் கெடுவது 4,000 ஹெர்ட்ஸ் அருகே உணரும், அடிப்பகுதியை ஒட்டிய மயிரிழைச் செல்கள். மனிதருக்கு அவை மறுபடி முளைப்பதில்லை. 'ச', 'ஸ' போன்ற மெய்யொலிகளின் வலு உயர் அதிர்வெண்ணில் இருப்பதால் உயிரொலி கேட்கிறது, சொல் பிரியவில்லை. இந்தப் பாடம் முடியும்போது காதடைப்பான் ஒரு ஜோடியைக் காட்டி, எப்படிச் சுருட்டி நுழைப்பது என்று செய்து காட்டுங்கள்.

இதே வழியில் பொள்ளாச்சியில் தென்னை ஏறுபவரின் தோள்மூட்டையும், திருப்பூர்த் தையல் மேசையில் நாளெல்லாம் குனிபவரின் நாலாவது, ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்பையும் நடத்தலாம்.

தேர்வு

பெயர் மட்டும் கேட்கும் தேர்வு வைத்தால் மாதிரியை வைத்து நடத்தியதே வீண். பத்துப் படங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம் என்று, பார்த்து அடையாளம் சொல்லும் ஸ்பாட்டர் தேர்வு வையுங்கள். நான்கு படங்கள் வகுப்பில் காட்டாத சாய்கோணத்தில், மூன்று குறுக்குவெட்டில், மூன்று ஆட்டு இதயத்தின் புகைப்படத்தில். ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண்: பெயருக்கு 1, "இதற்கு நேர் பின்னால் என்ன?" என்பதுபோன்ற இடக் கேள்விக்கு 1. இடக் கேள்வியில் மட்டும் பலர் தவறினால், மவுஸ் ஒருவர் கையிலேயே இருந்திருக்கிறது என்று பொருள். மூவர் குழுவை மாற்றி அமையுங்கள். மூன்று வாரம் கழித்து அதே இதயத்தை மறுபடி வரையச் சொல்லி, முதல் நாள் வாங்கி வைத்த தாளைப் பக்கத்தில் வைத்துத் திருத்துங்கள்.

ஸ்பாட்டர் படங்கள் எல்லாம் சாம்பலில் இருக்கட்டும். நிறம் இருந்தால் நிறத்தைப் பார்த்தே பெயர் சொல்லிவிடுவார்கள். ஒரு ஏ4 தாளில் நான்கு படம் வைத்தால் கறுப்பு வெள்ளை ஜெராக்ஸிலும் சுவரின் தடிமன் தெளிவாகத் தெரியும். அதற்கும் சிறிதாக்கினால் வால்வு இதழ்கள் கரும்புள்ளியாகிவிடும்.